ராம்செஸ் மன்னரின் பல்லும் வாட்டர்லூ பல்லும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

எகிப்து நாகரிகப் பாடத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவன் நான். பிரமிடு, நைல் நதி, பாப்பிரஸ், மம்மி எல்லாம் பாடத்தில் இருக்கும். பல்லைப் பற்றி ஒரு வரி இருக்காது. பணி ஓய்வுக்குப் பிறகுதான், என் சொந்தக் காரணத்துக்காக, அந்தப் பக்கம் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இதை ஏன் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை என்று தோன்றியது.

இரண்டாம் ராம்செஸ் 66 ஆண்டுகள் ஆண்டவர். தொண்ணூறு வயதை ஒட்டி இறந்திருக்கிறார். அபு சிம்பெலில் மலையைக் குடைந்து தன் உருவத்தைச் செதுக்க வைத்தவர். அவர் மம்மியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது பற்கள் மோசமாகத் தேய்ந்திருந்தன, தாடையில் சீழ்க்கட்டி இருந்த அடையாளம் தெரிந்தது. உலகத்தின் பெரிய பேரரசர், கடைசிக் காலத்தில் பல்வலியோடு வாழ்ந்திருக்கிறார். மூன்றாம் அமென்ஹோதெப்பின் வாயும் இதே கதைதான். மன்னர் முதல் கூலியாள் வரை அந்த நாட்டில் கிடைத்த மண்டையோடுகளில் பல் சொத்தையைவிட பல் தேய்மானமே பெரிய தொல்லையாக இருந்திருக்கிறது.

காரணம் ரொட்டி. ஃபில்ஸ் லீக் என்ற ஆங்கிலேயப் பல் மருத்துவர் கல்லறைகளில் கிடைத்த பழைய ரொட்டித் துண்டுகளை ஆராய்ந்து, 1972-இல் ஒரு கட்டுரை எழுதினார். ரொட்டிக்குள் மணலும் கல்துகளும் நிறைய இருந்தன. பாலைவனக் காற்றில் வந்தது கொஞ்சம், களத்தில் ஒட்டியது கொஞ்சம், மாவரைத்த கல்லே தேய்ந்து கலந்தது கொஞ்சம். மூன்று வேளையும் உப்புத்தாளை மென்றது மாதிரி.

இதைப் படித்தபோது எங்கள் வீட்டு ஆட்டுக்கல்தான் நினைவுக்கு வந்தது. "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள். கொத்தி முடித்த அன்று அதில் யாரும் இட்லிக்கு அரைக்க மாட்டார்கள். முதலில் தவிட்டைப் போட்டு அரைத்துக் கொட்டி, இரண்டு மூன்று தடவை கழுவிய பிறகுதான் அரிசி. கல்துகள் பல்லுக்கு ஆகாது என்று நம் பாட்டிமார்களுக்கு யாரும் கட்டுரை எழுதிச் சொல்லவில்லை. ஆனால் அதே பாட்டிமார்கள் செங்கல் பொடியாலும் சாம்பலாலும் பல் தேய்த்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பல்லின் மேல் பூச்சான எனாமல் நம் உடம்பிலேயே கடினமான பொருள். கனமான இடத்தில்கூட அது சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான் இருக்கும். எலும்பு ஒடிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். எனாமல் போனால் போனதுதான், மறுபடி வளராது. அது போனபின் உள்ளே இருக்கும் மஞ்சள் நிற டென்டின் இன்னும் வேகமாகத் தேயும்.

என் சொந்தக் காரணம் என்று மேலே சொன்னேன் அல்லவா? தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவன் நான். சிறு வயதிலிருந்தே உண்டு என்று அம்மா சொல்வார். 67 வயதில் என் முன்பற்கள் பாதி உயரம்கூட இல்லை. கடைவாய்ப் பற்கள் தட்டையான சில்லு மாதிரி ஆகிவிட்டன. வெந்நீர் பட்டாலும் கூசும், குளிர்ந்த நீர் பட்டாலும் கூசும். வாய் மூடும்போது மூக்குக்கும் முகவாய்க்கும் நடுவே இருந்த தூரம் குறைந்து, பொக்கை வாய்க் கிழவன் முகம் வந்துவிட்டது. வாயில் 26 பல் இருக்கும்போதே! டாக்டரம்மா பார்த்துவிட்டு, "சார், ஒரு பல் ரெண்டு பல்லுக்குக் கேப் போட்டுச் சரி பண்ற கேஸ் இல்ல இது. ஃபுல் மவுத் ரீஹேபிலிடேஷன் பண்ணணும்" என்றார். முழு வாயையும் புதிதாகக் கட்டுவது.

ஏன் முழு வாய்? எனக்கும் முதலில் விளங்கவில்லை, பணம் பிடுங்கப் பார்க்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். விஷயம் இதுதான். பல் தேயத் தேய அது சும்மா இருப்பதில்லை. எதிர்ப்பல்லைத் தொடுவதற்காக, எலும்போடு சேர்ந்து மெல்ல மெல்ல வெளியே வருகிறது. ஆகவே தேய்ந்து குட்டையான பல்லுக்கும் எதிர்ப்பல்லுக்கும் நடுவே இடைவெளி இருக்காது. கேப் வைக்க இடம் வேண்டுமே? ஒரே ஒரு பல்லை உயர்த்திக் கட்டினால் வாயை மூடும்போது அந்த ஒன்றுதான் இடிக்கும், மற்றவை எல்லாம் அந்தரத்தில் நிற்கும். ஒரு காலில் மட்டும் கட்டை வைத்த மேசை ஆடுவது போல. அதனால் உயர்த்தினால் எல்லாவற்றையும் சேர்த்து உயர்த்த வேண்டும். இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள மனிதகுலத்துக்கு ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டு ஆகியிருக்கிறது.

ஒன்பதாயிரம் என்று சும்மா சொல்லவில்லை. பலுசிஸ்தானத்தில் மெஹர்கர் என்ற இடம் இருக்கிறது. சிந்து வெளி நகரங்களுக்கு வெகுகாலம் முந்தைய ஊர். அங்கே ஒன்பது பேருடைய பதினொரு கடைவாய்ப் பற்களில் அழகாகத் துளை போட்டிருப்பதைக் கண்டு 2006-இல் வெளியிட்டார்கள். 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முந்தையவை. அதே ஊரில் மணி கோக்கும் கைவினைஞர்கள் இருந்தார்கள். வில்லில் கயிறு சுற்றி, நுனியில் சிக்கிமுக்கிக் கல் பொருத்தித் துளை போடுவது அவர்கள் தொழில். அதே மாதிரிக் கருவி செய்து சோதித்ததில், பல்லில் அப்படி ஒரு துளை போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லையாம். துளையின் விளிம்புகள் தேய்ந்து மழுங்கியிருக்கின்றன. அதாவது துளை போட்ட பிறகும் அந்த மனிதர் உயிரோடு இருந்து, அதே பல்லால் பல காலம் மென்றிருக்கிறார். உலகத்தில் தெரிந்த மிகப் பழைய பல் வைத்தியங்களில் ஒன்று நம் துணைக்கண்டத்துக் கைவினைஞர் வேலை.

இத்தாலியின் எட்ருஸ்கர்கள் கிறிஸ்துவுக்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே தங்கப் பட்டையால் பல்லைக் கட்டி நிறுத்தினார்கள். அதில் பெரும்பாலும் அலங்காரமும் பணக்காரத்தனமும்தான். மெல்லுவதற்கு எவ்வளவு உதவியிருக்கும் என்பது சந்தேகம்.

பிறகு வெகுநாள் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. பல் வலித்தால் பிடுங்குவார்கள். பிடுங்குபவர் முடிதிருத்துபவராகவோ கொல்லராகவோ இருப்பார். 1728-இல் பாரிஸில் பியர் ஃபோஷார் பல் மருத்துவத்துக்கென்று இரண்டு பாகப் புத்தகம் எழுதினார். அந்த நாள் வரை தொழில் ரகசியமாகப் பொத்தி வைத்திருந்ததை எல்லாம் அச்சில் போட்டார். மேல் பல்செட் கீழே விழாமல் இருக்க ஸ்பிரிங் வைக்கும் முறையும் அதில் உண்டு. அந்த ஸ்பிரிங்கை அனுபவித்தவர்களில் பிரபலமானவர் ஜார்ஜ் வாஷிங்டன்.

வாஷிங்டனுக்கு மரப்பல் என்று ஒரு கதை நம் பொது அறிவுப் புத்தகங்களில்கூட உண்டு. மரம் இல்லை. 1789-இல் அவர் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்று மிச்சம். அவருடைய பல் மருத்துவர் ஜான் கிரீன்வுட் நீர்யானைத் தந்தத்தில் பல்செட் செய்து, அந்த ஒற்றைப் பல் நுழைவதற்கு ஒரு ஓட்டை விட்டார். ஸ்பிரிங் எப்போதும் வாயைத் திறக்கப் பார்க்கும். இவர் தாடையை இறுக்கி மூடி வைத்திருக்க வேண்டும். உதடு துருத்திக்கொண்டு நிற்கிறது என்று கிரீன்வுட்டுக்குக் குறைபட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார். ஒரு டாலர் நோட்டில் இருக்கும் படத்தைப் பாருங்கள், அந்த இறுகிய வாய் தெரியும்.

இதில் எனக்குத் தொண்டையில் சிக்கிய விஷயம் வேறு. மவுண்ட் வெர்னன் பண்ணையின் 1784-ஆம் ஆண்டுக் கணக்குப் புத்தகத்தில், கறுப்பின மக்களிடம் ஒன்பது பல் வாங்கியதற்கு 6 பவுண்டு 2 ஷில்லிங் கொடுத்ததாகக் குறிப்பு இருக்கிறது. அங்கே உழைத்த அடிமைகளின் பல் அது என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கொள்ளும் பொருள். காசு கொடுத்தார்களே என்று சிலர் வாதாடுவார்கள். உடம்பே தனக்குச் சொந்தமில்லாதவனிடம் பல்லை விலைக்கு வாங்குவது என்றால் என்ன பொருள்? வகுப்பில் வாஷிங்டன் பாடம் வரும்போது செர்ரி மரத்தை வெட்டிய கட்டுக்கதையைத்தான் சொல்லித் தந்தோம்.

வாஷிங்டன் காலத்தில் இது விசித்திரமும் அல்ல. ஐரோப்பாவில் ஏழைகள் பல்லை விற்றார்கள். 1815 ஜூன் மாதம் வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றபோது பல்லாயிரம் இளைஞர்கள் களத்தில் கிடந்தார்கள். இளைஞர்களின் பல் என்பதால் தேயாத, சொத்தையில்லாத பல். அவற்றைப் பிடுங்கி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள், தந்தத் தகட்டில் பொருத்திப் பணக்காரர்கள் போட்டுக்கொண்டார்கள். "வாட்டர்லூ பல்" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. சீமாட்டி சிரிக்கும்போது தெரிந்தது எந்தத் தாய் பெற்ற பிள்ளையின் பல்லோ.

இந்த வியாபாரத்துக்கு மாற்று பீங்கான் பல். பாரிஸில் டூஷாட்டோ என்று ஒரு மருந்துக்கடைக்காரர். மருந்துகளை ருசி பார்த்துப் பார்த்து அவருடைய தந்தப் பல்செட்டில் நாற்றம் ஏறிவிட்டது. பீங்கான் ஜாடியில் நாற்றம் ஏறுவதில்லையே, பல்லையும் அதிலேயே செய்தால் என்ன என்று யோசித்தார். த ஷெமான் என்ற பல் மருத்துவர் அதைச் செம்மைப்படுத்தி, பிரெஞ்சுப் புரட்சி நேரத்தில் இங்கிலாந்துக்குப் போய்த் தொழில் நடத்தினார். சூளையில் சுட்டால் பீங்கான் சுருங்கும், அளவு மாறிவிடும். அதனால் முதல் பீங்கான் செட்டுகள் பலருக்குப் பொருந்தவே இல்லை.

பல்செட் சாமானியனுக்கு எட்டியது ரப்பரால்தான். இந்தப் பகுதி ஒரு துப்பறியும் கதை மாதிரி இருக்கும். 1844-இல் ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் சிரிப்பூட்டும் வாயுவைத் தானே முகர்ந்து, தன் பல்லையே பிடுங்கச் சொல்லிச் சோதித்தார். 1846-இல் ஈதர் வந்தது. வலியில்லாமல் பிடுங்க முடியும் என்றதும் மக்கள் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கிக்கொண்டார்கள். அத்தனை பேருக்கும் பல்செட் வேண்டும். தங்கத் தகடு எல்லாராலும் முடியுமா? அந்த நேரத்தில் குட்இயர் குடும்பத்தார் கண்டுபிடித்த கெட்டி ரப்பர் கைக்கு வந்தது. வாயின் அச்சில் அப்படியே வார்க்கலாம், ஒட்டி நிற்கும், ஸ்பிரிங் தேவையில்லை, விலை மிகக் குறைவு.

உடனே காப்புரிமைக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஜான் கம்மிங்ஸ் என்பவருக்கு 1864-இல் ரப்பர் பல்செட்டுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அந்த உரிமையை வாங்கிய குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனி ஒவ்வொரு பல் மருத்துவரிடமும் ஆண்டுக்கு ஒரு லைசென்ஸ் தொகை, செய்கிற ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு தொகை என்று வசூலித்தது. கட்டாதவர்கள் மேல் ஊர் ஊராக வழக்கு. உச்ச நீதிமன்றமும் கம்பெனி பக்கமே தீர்ப்பளித்தது. வழக்குகளை முன்னின்று நடத்தியவர் கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன். சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவர் லைசென்ஸ் வாங்க மறுத்து, ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு இடம் மாறிக்கொண்டே இருந்தார். பேக்கன் விடவில்லை. கடைசியில் 1879 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு காலை, சான்பிரான்சிஸ்கோவில் பேக்கன் தங்கியிருந்த ஓட்டல் அறைக்குப் போன சால்ஃபன்ட் அவரைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டார். பத்தாண்டு சிறைத் தண்டனை. 1881-இல் காப்புரிமைக் காலம் முடிந்ததும் கம்பெனி வசூலை நிறுத்திக்கொண்டது.

கொலையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அன்றைய பல் மருத்துவர்களில் பலர் யாருக்காக இரக்கப்பட்டார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பல்லைப் பிடுங்கிவிட்டு வேறு பல் வைப்பது. தேய்ந்த பல்லை வைத்துக்கொண்டே அதன் மேல் கட்டுவது வேறு வித்தை. அதற்கு நுட்பமான உலோக வார்ப்பு வேண்டும். 1907-இல் வில்லியம் டாகர்ட் என்பவர் நியூயார்க்கில் அதைச் செய்து காட்டினார். பல்லுக்கு வேண்டிய வடிவத்தை மெழுகில் செய்து, சுற்றிலும் அச்சு மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் தங்கத்தை ஊற்றுவது. தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர்கள் இந்நேரம் சிரிப்பீர்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் செய்கிற மெழுகு வார்ப்பு இதுவேதான். சோழர் காலத்து நடராஜர் செப்புத்திருமேனி வந்த வழியில்தான் அமெரிக்காக்காரனுக்குத் தங்கப் பல் வந்தது. டாகர்ட் இதற்குக் காப்புரிமை வாங்கிப் பிற மருத்துவர்கள் மேல் வழக்குப் போட்டார். அயோவாவைச் சேர்ந்த ஃபில்புரூக் என்ற பல் மருத்துவர் பத்தாண்டுகளுக்கு முன்பே இதே முறையை எழுதி வைத்திருந்தது வெளிவந்து, வழக்கு தோற்றது. ரப்பர் கதையில் சூடு பட்டவர்கள் இந்தத் தடவை விழித்துக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதே சமயத்தில் டெட்ராய்டில் சார்லஸ் லேண்ட் என்பவர் பல்லுக்கு மேல் சட்டை மாதிரி மாட்டும் பீங்கான் கேப் செய்துகொண்டிருந்தார். அட்லாண்டிக் கடலை விமானத்தில் தனியே கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க்கின் தாய்வழித் தாத்தா இவர்.

ஆக, 1910 வாக்கில் தேய்ந்த பல்லைக் காப்பாற்றும் கருவிகள் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. அப்போது பார்த்து வரலாறு எதிர்த்திசையில் திரும்பியது. 1910-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, தங்கக் கேப்களுக்கு அடியில் சீழ் பிடித்துக் கிடக்கிறது, உடம்பின் பல நோய்களுக்கு அதுதான் மூலம் என்று தாக்கினார். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது, அன்று போட்ட கேப்களில் பல மோசமானவைதான். ஆனால் அடுத்த இருபது முப்பது ஆண்டுகள் மூட்டுவலி என்றாலும் பல்லைப் பிடுங்கு, தலைவலி என்றாலும் பல்லைப் பிடுங்கு என்றாகிவிட்டது. நியூஜெர்சியின் டிரென்டன் நகர மனநல மருத்துவமனையை நடத்திய ஹென்றி காட்டன், பைத்தியத்துக்கும் பல்தான் காரணம் என்று நோயாளிகளின் பற்களை மொத்தமாகப் பிடுங்கினார். அதோடு நிற்காமல் குடல் முதலிய உறுப்புகளையும் வெட்டினார், பலர் செத்தார்கள். தன் பிள்ளைகளின் பற்களைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. நம்பிக்கையில் நேர்மையாக இருப்பது எவ்வளவு ஆபத்தாக முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் நான் படித்ததில்லை.

பிரிட்டனின் சில பகுதிகளில் கல்யாணத்துக்கு முன் பெண்ணின் பற்களை எல்லாம் பிடுங்கிப் பல்செட் வைத்து அனுப்புவது சீதனம் மாதிரி இருந்ததாம். வரப்போகிற கணவனுக்குப் பல் செலவு இருக்காதே! 1948-இல் தேசிய சுகாதார சேவை தொடங்கி எல்லாம் இலவசம் என்றதும் பல்செட்டுக்கு வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. கொரியப் போர்ச் செலவு ஒரு பக்கம் அழுத்த, 1951-இல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் மக்களிடம் பாதிப் பணம் வாங்குவது என்று முடிவானது. அந்தச் சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் இதை எதிர்த்து அமைச்சர் பதவியை விட்டார். அவரோடு ராஜினாமா செய்த ஹெரால்ட் வில்சன் பின்னால் பிரதமரானார். அதே ஆண்டு தேர்தலில் தொழிற்கட்சி தோற்றது. பல்செட் ஒரு அமைச்சரவையை உடைத்தது என்று எந்தத் தேர்விலாவது கேள்வி வந்திருக்கிறதா? 1968-இல் ஆய்வு செய்தபோது இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் வயது வந்தவர்களில் 37 சதவீதம் பேருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை.

பிடுங்கும் அலைக்கு நடுவே சிலர் வேறு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாய் எப்படி மூடுகிறது? தாடை எந்த அச்சில் சுழல்கிறது? கலிஃபோர்னியாவில் பெவர்லி மெக்காலமும் ஹார்வி ஸ்டாலார்டும் 1920களில் இதற்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள். தாடை அசைவை அளந்து, அதே அசைவைத் திரும்பச் செய்கிற ஆர்ட்டிகுலேட்டர் என்ற கருவியில் நோயாளியின் பல் அச்சுகளைப் பொருத்தி, மேசை மேலேயே முழு வாயையும் திட்டமிட்டார்கள். ஃபுல் மவுத் ரீஹேபிலிடேஷன் என்று இன்று சொல்வதற்கு அடித்தளம் அங்கேதான். கடியை எவ்வளவு உயர்த்தலாம், ஒரு அளவுக்கு மேல் உயர்த்தினால் தசை ஏற்குமா என்று பல ஆண்டுகள் சண்டை போட்டார்கள். இன்றும் தீர்ந்தபாடில்லை.

எனக்குச் செய்ததும் அந்த வழிதான். அளவு எடுத்து, மேசை மேல் மெழுகில் முழு வாயையும் கட்டிக் காட்டினார்கள். அதன் பிறகு உடனே நிரந்தரக் கேப் போடவில்லை. பிளாஸ்டிக்கில் தற்காலிகப் பல் வைத்து, புதிய உயரத்தில் மூன்று மாதம் சாப்பிடவும் பேசவும் விட்டார்கள். உயரம் சரிதானா என்று பார்க்க ஒரு சோதனை, ச என்ற ஒலியைச் சொல்ல வைப்பது. அப்போது மேல் கீழ்ப் பற்கள் மிக அருகே வரும், ஆனால் தொடக்கூடாது. டாக்டரம்மா "சிக்ஸ்டி சிக்ஸ் சொல்லுங்க சார்" என்றார். வாழ்நாள் முழுவதும் தமிழில் பாடம் நடத்தியவனுக்கு ஆங்கில எண்ணா? "சோழர், சேரர், சாதவாகனர், சாளுக்கியர்" என்று சொன்னேன். சாளுக்கியரில் ஒரு பல் இடித்தது. தேய்த்துச் சரி செய்தார்.

இதற்குள் வேறு இரண்டு கதவுகள் திறந்தன. 1955-இல் மைக்கேல் புவானகோர், பெயின்ட் ஒட்டுவதற்கு முன் தொழிற்சாலையில் உலோகத்தை அமிலத்தில் கழுவுவதைக் கவனித்து, அதே பாஸ்பாரிக் அமிலத்தைப் பல் மேல் தடவினார். எனாமல் கண்ணுக்குத் தெரியாதபடி சொரசொரப்பாகி, பிசின் அதில் பற்றிக்கொண்டது. அதுவரை கேப் போட வேண்டுமென்றால் பல்லை நாலாபுறமும் சீவ வேண்டும். ஏற்கெனவே தேய்ந்த பல்லை மேலும் சீவுவது என்ன நியாயம்? ஒட்டலாம் என்றானதும் சீவாமல் மேலே கட்டும் வழி பிறந்தது. 1975-இல் நார்வேயின் ப்யோர்ன் டால் இன்னொன்றைக் காட்டினார். முன்பற்கள் மட்டும் தேய்ந்த ஒரு இளைஞருக்கு முன்பற்களுக்குப் பின்னால் ஒரு உலோகத் தகடு வைத்து, கடைவாய்ப் பற்கள் தொடாமல் விட்டுவிட்டார். சில மாதங்களில் கடைவாய்ப் பற்கள் தாமே வளர்ந்து வந்து தொட்டன, தகட்டை எடுத்தபோது முன்னால் கட்டுவதற்கு இடம் கிடைத்தது. பல் சும்மா இருப்பதில்லை என்று மேலே சொன்னேனே, நமக்குத் தொல்லை கொடுத்த அதே குணத்தை அவர் வேலைக்கு வைத்துக்கொண்டார். எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த யோசனை இதுதான்.

பல்லே இல்லாத இடத்துக்கு டைட்டானியம். ஸ்வீடனின் ப்ரோனமார்க் 1952-இல் முயலின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க ஒரு டைட்டானியக் கருவியை வைத்தார். ஆய்வு முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை, எலும்போடு ஒன்றாகிவிட்டது. 1965-இல் கோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியம் திருகுகளை வைத்தார். பிறவியிலேயே தாடைக் குறை உள்ளவர் அவர், கீழே பல் இல்லை, மெல்ல முடியாது. சக பேராசிரியர்கள் பல ஆண்டுகள் ப்ரோனமார்க்கை ஏளனம் செய்தார்கள். 1982-இல் டொரன்டோ மாநாட்டுக்குப் பிறகுதான் உலகம் ஏற்றது. லார்சன் 2006-இல் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அதே திருகுகளில் நின்ற பல்லால்தான் சாப்பிட்டார்.

நம் நாட்டில் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1920-இல் கல்கத்தாவில் வந்தது. தொடங்கியவர் ரஃபியுதீன் அகமது, அமெரிக்காவில் அயோவாவில் படித்துத் திரும்பியவர். அரசு பணம் தரவில்லை. அவர் நியூயார்க் சோடா ஃபவுன்டன் என்று ஐஸ்கிரீம் கடை நடத்தி, அந்த வருமானத்தில் கல்லூரி நடத்தினார்! இனிப்பு விற்ற காசில் பல் கல்லூரி. 1948-இல் பல் மருத்துவர் சட்டம் வரும்வரை யார் வேண்டுமானாலும் பல் பார்க்கலாம். பட்டம் இல்லாமல் ஏற்கெனவே தொழில் செய்து பிழைத்தவர்களை அந்தச் சட்டம் ஒரேயடியாக விரட்டவில்லை, "பி" பிரிவு என்று தனிப் பதிவேடு வைத்தது. சென்னையில் போர்டு மாட்டியிருந்த சீனப் பல் வைத்தியர் குடும்பங்களை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். "சைனாக்காரர் கட்டிய பல்" என்றால் அந்தக் காலத்தில் அது ஒரு உத்தரவாதம்.

செலவு எவ்வளவு என்று போன பதிவின் கீழே மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். தனியாரிடம் ஊருக்கு ஊர், பொருளுக்குப் பொருள் வித்தியாசம், லட்சக்கணக்கில் போகும். என்னைப் போல ஓய்வூதியக்காரர்கள் ஒரே மூச்சில் கட்டுவது சிரமம், நான் மேல்வரிசை, கீழ்வரிசை என்று பிரித்துக் கட்டுகிறேன். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் பல் கட்டும் துறை என்று தனியாகவே உண்டு, முதுநிலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். நேரம் அதிகம் ஆகும், பல தடவை போக வேண்டும், செலவு மிகக் குறைவு. மூன்று நாளில் முழு வாயும் புதிது என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: தற்காலிகப் பல் வைத்து எத்தனை வாரம் பார்ப்பீர்கள்?

எனக்கு மேல்வரிசை முடிந்துவிட்டது. கீழ்வரிசைக்கு அடுத்த மாதம் 12-ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். இரவில் நறநறப்பதற்கு ஒரு தட்டு கொடுத்திருக்கிறார்கள், மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன். பல் மருத்துவ நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், ஆர்ட்டிகுலேட்டர் பகுதியில் விட்டுப்போனதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.